மஜ்ஜையில் அழற்சி இருந்தால் வெள்ளையணு குறையுமா?

நீங்கள் சொன்னதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். வயது 34. கீழ்முதுகு வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், சாக்ரோஇலியாக் மூட்டின் (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம்) ஓரத்தில் 'மேரோ எடிமா', அதாவது மஜ்ஜையில் நீர்கோப்பு என்று வந்தது. அன்றைக்கு வெள்ளையணு 6,800, அதில் கிருமியை எதிர்க்கும் முக்கிய வகையான நியூட்ரோபில் 62 சதவீதம். முதுகுவாதம் என்று சொல்லி சல்ஃபாசலசின் மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது வெள்ளையணு 3,100. நியூட்ரோபில் 38 சதவீதம், லிம்போசைட் 52 சதவீதம். ஹீமோகுளோபினும் தட்டணுவும் சரியாக இருக்கின்றன, காய்ச்சல் இல்லை. "மஜ்ஜையில் அழற்சி, அதனால்தான் அணு குறைகிறது, மாத்திரையைக் கூட்டினால் அழற்சி அடங்கி எண்ணிக்கை ஏறிவிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இது சரியா, மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மஜ்ஜையில் அழற்சி வந்தால் வெள்ளையணு குறையுமா என்று கேட்டால், சில நோய்களில் குறையும். உங்களுக்குக் குறைத்தது அதுதானா என்று கேட்டால், நீங்கள் கொடுத்திருக்கும் விவரப்படி அநேகமாக இல்லை. முதல் சந்தேகம் மாத்திரை மேல்தான் விழ வேண்டும். ஆகவே காரணத்தையெல்லாம் பேசுவதற்கு முன் ஒன்று: மாத்திரையைக் கூட்டாதீர்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே, எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டு இந்த எண்களைச் சொல்லுங்கள். அடுத்த மாதச் சந்திப்பு வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த எண்ணைச் சொல்வது என்பதும் முக்கியம். மொத்த எண்ணிக்கை 3,100 என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அதை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 3,100-இல் 38 சதவீதம் ஏறத்தாழ 1,180. இதைத்தான் ஏ.என்.சி., அதாவது நியூட்ரோபில்களின் நேரடி எண்ணிக்கை என்கிறோம். 1,500-க்குமேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 1,000 முதல் 1,500 வரை லேசான குறைவு, 500 முதல் 1,000 வரை நடுத்தரம், 500-க்குக் கீழே போனால் ஆபத்து. நீங்கள் இப்போது லேசான குறைவில்தான் இருக்கிறீர்கள். ஆனால் ஏழு வாரத்துக்கு முன் உங்கள் ஏ.என்.சி. சுமார் 4,200. இன்றைய எண்ணைவிட இந்தச் சரிவுதான் எனக்குக் கவலை தருகிறது. ரிப்போர்ட்டில் லிம்போசைட் 52 சதவீதத்துக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணக்குப் போட்டால் 1,600 வருகிறது, அது சாதாரண அளவு. நியூட்ரோபில் இறங்கியதால் லிம்போசைட்டின் பங்கு கூடினதுபோலத் தெரிகிறது, அவ்வளவே.

இனி மஜ்ஜைக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. ஒரு செல் பிரிந்து, வளர்ந்து, முதிர்ந்து வெளியே வர பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதிர்ந்தவை உடனே ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை. குதிரில் நெல்லைச் சேர்த்துவைப்பதுபோல மஜ்ஜை பல நாள் தேவைக்கான இருப்பை உள்ளேயே வைத்திருக்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் ஐ.எல்-6, ஜி-சி.எஸ்.எஃப். போன்ற வேதிச் செய்திகள் மஜ்ஜைக்குப் போகும். இருப்பு திறந்துவிடப்படும், உற்பத்தியும் பலமடங்கு கூடும். அதனால் அழற்சியின் வழக்கமான விளைவு வெள்ளையணு கூடுவதுதான். நிமோனியாவிலும் சீழ்க்கட்டியிலும் கவுண்ட் 15,000, 20,000 என்று ஏறுவது இதனால்தான். எலும்பிலேயே கிருமி புகுந்து சீழ்பிடிக்கும் ஆஸ்டியோமயலைட்டிஸில்கூட எண்ணிக்கை சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருக்குமே தவிர, குறைவது வழக்கமில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற ஊசி ஐ.எல்-6-இன் வேலையைத் தடுக்கிறது. அதைப் போட்டவர்களில் பலருக்கு நியூட்ரோபில் இறங்குகிறது. அழற்சிச் செய்தியை அடக்கினால் எண்ணிக்கை இறங்குகிறது என்றால், அந்தச் செய்தி எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது என்பது தெளிவு.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வரும் 'மேரோ எடிமா' இதனினும் வேறு சங்கதி. அந்த இடத்தில் வழக்கத்தைவிட நீர் அதிகமாக இருக்கிறது, அதனால் கொழுப்பை மறைத்து எடுக்கும் 'ஸ்டிர்' படத்தில் வெளுப்பாகத் தெரிகிறது என்பதற்குமேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. அடிபட்டாலும் வரும், டிஸ்க் தேய்ந்தாலும் வரும், முதுகுவாதத்திலும் வரும். முழங்காலில் அப்படி வந்திருந்தால் ரத்த எண்ணிக்கையோடு முடிச்சுப்போடவே இடமில்லை, ஏனென்றால் பெரியவர்களுக்கு முழங்காலைச் சுற்றியுள்ள மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்புதான். உங்களுக்கு வந்திருப்பது ரத்தம் ஊறும் இடுப்பெலும்பில் என்பது உண்மை. இடுப்பு முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். ஆனால் மூட்டோரத்தில் சில சென்டிமீட்டர் நீர்கோப்புக்கு அந்தச் சக்தி இல்லை. முதுகெலும்புகள், விலா, மார்பெலும்பு, இடுப்பின் மீதிப் பகுதி எல்லாம் சேர்ந்து அதைச் சுலபமாக ஈடுகட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நீர்கோப்பு படத்தில் தெரிந்த அன்றே உங்கள் வெள்ளையணு 6,800 இருந்தது. நீர்கோப்பு அன்றும் இருந்தது, எண்ணிக்கையும் நன்றாக இருந்தது. இடையில் புதிதாக வந்தது மாத்திரை ஒன்றுதான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் தேடிப் பாருங்கள். 'டிஃப்யூஸ் மேரோ சிக்னல்' மாறியிருக்கிறது என்றோ, டி1 படத்தில் முதுகெலும்புகள் எல்லாமே பக்கத்து டிஸ்க்கைவிடக் கறுப்பாக இருக்கின்றன என்றோ எழுதியிருந்தால், அது மூட்டோர நீர்கோப்பு கிடையாது. மஜ்ஜை முழுவதிலும் ஏதோ நடக்கிறது என்று பொருள். ரத்தச்சோகையில் மஜ்ஜை கூடுதலாக உழைப்பதும் அப்படித் தெரியும், ரத்தப் புற்றுநோயும் அப்படித் தெரியும். அந்த வரி இருந்தால் நான் மேலே சொன்ன நிம்மதி உங்களுக்குப் பொருந்தாது.

சல்ஃபாசலசின் குடலில் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒன்றான சல்ஃபாபிரிடின் ஒரு சல்ஃபா மருந்து. மிகச் சிலருக்கு, யாருக்கென்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, அது நியூட்ரோபில்களையோ அவற்றின் இளம் செல்களையோ அழித்துவிடுகிறது. இது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும். அதனால்தான் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு ஒருமுறையும் சி.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) பார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு இந்த ஏழு வாரத்தில் எத்தனை முறை பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இடையில் எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். எந்த வாரத்தில் இறங்க ஆரம்பித்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரிட்டனின் ருமட்டாலஜி வழிகாட்டி, வெள்ளையணு 3,500-க்குக் கீழோ நியூட்ரோபில் 1,600-க்குக் கீழோ போனால் உடனே மருத்துவர் கவனத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. நீங்கள் இரண்டையும் தாண்டி இறங்கிவிட்டீர்கள். இந்த நிலையில் பெரும்பாலான மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்திவைத்து, இரண்டு மூன்று நாளில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். நிறுத்திய பிறகும் சில நாள் எண்ணிக்கை இன்னும் இறங்கலாம், திடுக்கிட வேண்டாம். காரணம் மருந்துதான் என்றால் சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் ஏறத் தொடங்கும். மஜ்ஜை மறுபடி செல்களை முதிரவைக்க எடுக்கும் நேரம் அது. அப்படி ஏறினால் அதுவே நோயறிதல். மறுபடி போட்டுச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

சல்ஃபாசலசினோடு வேறு என்னென்ன உள்ளே போகிறது என்பதையும் பட்டியல் போடுங்கள். வலிமாத்திரை, வயிற்றுக்கான மாத்திரை, காய்ச்சலுக்குப் போட்ட ஊசி, நாட்டு மருந்து எதையும் விடாதீர்கள். தைராய்டுக்கான கார்பிமசோல், வலிக்கான மெட்டமிசோல், மனநோய்க்கான குளோசபின் ஆகியவை நியூட்ரோபிலைக் குறைப்பதில் பேர்போனவை. வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டும் எழுதிக்கொடுத்திருந்தால் அதை வாரத்துக்கு ஒருநாள் மட்டும்தான் போடுகிறீர்களா என்று உறுதிசெய்யுங்கள். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டு மஜ்ஜையே ஒடுங்கிப்போவது இன்றும் நடக்கிறது. அதில் உயிரும் போகும்.

அழற்சி உண்மையாகவே வெள்ளையணுவைக் குறைக்கும் நோய்கள் எவை, அவை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அவை ஏன் பொருந்தவில்லை என்பது அப்போதுதான் புரியும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது டெங்கு. காய்ச்சலின் முதல் சில நாட்களில் மஜ்ஜை தற்காலிகமாகச் சோர்ந்துபோகிறது. வைரஸும் அதை எதிர்த்துச் சுரக்கும் இண்டர்ஃபெரான் போன்றவையும் சேர்ந்து உற்பத்தியை அடக்குகின்றன. வெள்ளையணு 2,000 வரைகூட இறங்கி, காய்ச்சல் விட்டபின் தானாக ஏறும். டைஃபாய்டில் கிருமி மஜ்ஜையின் விழுங்குசெல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. ரத்தத்தில் வளராத கிருமி, சில வேளை ஆன்டிபயாடிக் ஆரம்பித்த பிறகும், மஜ்ஜை கல்ச்சரில் வளர்வது அதனால்தான். உடம்பெங்கும் பரவிய காசநோய் மஜ்ஜையில் கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகளை உண்டாக்கும். தொற்று உடம்பெங்கும் பாதிக்கும் கடுமையான செப்சிஸில் வேறொன்று நடக்கும்: திசுக்களுக்குள் பாயும் வேகத்துக்கு உற்பத்தி ஈடுகொடுக்காமல் இருப்பு காலியாகிவிடும். பச்சைக்குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் குடிப்பழக்கம் மிகுந்தவர்களிடமும் இதைப் பார்க்கலாம்.

இவற்றில் தவறவே விடக்கூடாதது ஹெச்.எல்.ஹெச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். அழற்சி கட்டுமீறிப் போய், மஜ்ஜையின் விழுங்குசெல்கள் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கிவிடும். விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், மூன்று வகை ரத்த அணுக்களில் குறைந்தபட்சம் இரண்டு வகை குறைவது, ட்ரைகிளிசரைடு 265-ஐத் தாண்டுவது அல்லது ஃபைப்ரினோஜன் 150-க்குக் கீழே போவது, ஃபெரிட்டின் 500-க்குமேல் போவது ஆகியவை இதன் அளவுகோல்களில் வரும். ஃபெரிட்டின் பல ஆயிரங்களுக்குப் போவதும் உண்டு. டெங்கு, காசநோய், உண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் எதற்குப் பின்னாலும் இது வரலாம். ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டில் அபூர்வமான நோயல்ல. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கடியில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடினால்தான் கண்ணில் படும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்து கேட்கும்.

கிருமி இல்லாமல் உடம்பின் எதிர்ப்புசக்தியே மஜ்ஜையைத் தாக்குவதும் உண்டு. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் டி-செல்கள் என்ற எதிர்ப்புசக்தி செல்கள், ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான ஸ்டெம் செல்களை அழிக்கின்றன, இண்டர்ஃபெரான்-காமா அதற்குத் துணைநிற்கிறது. அங்கே மூன்று அணுக்களும் குறையும், மஜ்ஜையைப் பார்த்தால் கொழுப்புதான் மிஞ்சியிருக்கும். எதிர்ப்புசக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸில் வெள்ளையணு 4,000-க்குக் கீழே போவது நோயறிதல் அளவுகோல்களிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளாக ருமட்டாய்டு வாதம் உள்ள சிலருக்கு மண்ணீரல் வீங்கி நியூட்ரோபில் குறையும். இந்தப் பட்டியலில் புதியது 2020-இல் விவரிக்கப்பட்ட வெக்சாஸ். யு.பி.ஏ.1 என்ற மரபணுவில், பிறந்த பிறகு மஜ்ஜை செல்களில் ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, காது மடலின் குருத்தெலும்பு வீக்கம், பெரிய சிவப்பணுக்களோடு ரத்தச்சோகை எல்லாம் சேர்ந்து வரும். அழற்சியால் மஜ்ஜை கெடுகிறது என்று நினைப்பதற்கு மாறாக, கெட்ட மஜ்ஜை செல்கள்தான் அங்கே அழற்சியைக் கிளப்புகின்றன.

இந்த நோய்களில் பெரும்பாலானவற்றில் வெள்ளையணு தனியாகக் குறைந்து நிற்பதில்லை. காய்ச்சலோ, மண்ணீரலோ, இன்னொரு அணுவின் குறைவோ, எடை இழப்போ கூடவே வரும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. லூபஸில் வெள்ளையணு மட்டும் குறைவதுண்டு என்பதால் லூபஸைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. அதோடு கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி எடுக்கும் புற ரத்தப் பூச்சை ஒரு நோயியல் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும், இயந்திரம் கொடுத்த எண் மட்டும் போதாது. பி12, ஃபோலேட், கல்லீரல் செயல்பாடு, ஹெச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, வயிற்று அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் அளவு ஆகியவையும் சேரட்டும். சல்ஃபாசலசின் ஃபோலேட் உறிஞ்சுவதையும் குறைக்கும் என்பதால் சி.பி.சி.யில் எம்.சி.வி. என்ற எண் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 100-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மஜ்ஜைப் பரிசோதனை இப்போதைக்குத் தேவைப்படாது என்பது என் கருத்து. மாத்திரையை நிறுத்தி மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் ஏறவில்லை என்றால், ஏ.என்.சி. 500-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், ஹீமோகுளோபினோ தட்டணுவோ சேர்ந்து இறங்கினால், பூச்சில் இளம் செல்கள் தென்பட்டால் அது வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் பயப்படாதீர்கள். பின்பக்க இடுப்பெலும்பின் மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, உறிஞ்சி எடுக்கும் ஆஸ்பிரேட், சிறு எலும்புத்துண்டான ட்ரெஃபைன் பயாப்சி இரண்டையும் ஒரே அமர்வில் எடுப்பார்கள். இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். கிரானுலோமா, நார்த்திசு, மஜ்ஜையில் செல்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதெல்லாம் ஆஸ்பிரேட்டில் சரியாகப் பிடிபடாது. எலும்புத்துண்டு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டராவது இருந்தால்தான் நம்பிச் சொல்ல முடியும். கிருமியைத் தேடுவதாக இருந்தால் கல்ச்சருக்கான மாதிரியையும் அப்போதே எடுத்துவிட வேண்டும், ஃபார்மலினில் போட்ட துண்டில் பிறகு எதையும் வளர்க்க முடியாது. ரிப்போர்ட்டில் 'மெச்சுரேஷன் அரெஸ்ட்' என்று வந்தால் ரத்தப் புற்று என்று அலறாதீர்கள். இளம் செல்கள் நிறைய, முதிர்ந்தவை சில என்பதுதான் அதன் பொருள். மருந்தால் அழிந்து மீண்டுவரும் மஜ்ஜையும் அப்படித்தான் இருக்கும்.

இதற்கு முன்னால் யாரும் 'சும்மா ஏற்றிவிடலாம்' என்று ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை ஸ்டீராய்டு உதிர்த்துவிடும். எண் அழகாக ஏறும், நோய் அப்படியே இருக்கும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று போன்றவை மறைந்துபோய்ப் பயாப்சியில் பிடிபடாமலும் போகும். ஜி-சி.எஸ்.எஃப். ஊசிக்கு இடம் உண்டு, அது ஏ.என்.சி. மிகவும் இறங்கிக் காய்ச்சலும் வரும்போது. 1,180-இல் அது தேவையில்லை.

உறுதியில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டு நீடிக்கும் மெல்லிய அழற்சி ஸ்டெம் செல்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி எழுப்பிக் களைப்படையச் செய்கிறது என்பது எலிகளில் நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் காரணமே தெரியாமல் 3,500 சுற்றி நிற்கும் வெள்ளையணுவுக்கு அது எந்த அளவு காரணம் என்பது இன்னும் தீரவில்லை. மஜ்ஜை அணுக்களைச் சரியாக உருவாக்காத மயலோடிஸ்பிளாஸ்டிக் நோய்களின் மஜ்ஜையிலும் அழற்சி இருக்கிறது, அங்கே எது காரணம், எது விளைவு என்பதில் இன்னும் விவாதம் உண்டு. உங்கள் விஷயத்திலும் மருந்துதான் என்று நான் சொல்வது கால வரிசையை வைத்துச் செய்யும் ஊகம். நிறுத்தியபின் எண் ஏறினால்தான் அது உறுதியாகும். இரண்டு வாரத்துக்கு முன் தெரியாமல் வந்துபோன ஒரு வைரஸ் காய்ச்சலும் இதே எண்களைக் கொடுக்கக்கூடும்.

எண் ஏறும்வரை தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். 101 டிகிரி ஒருமுறை வந்தாலோ, 100.4 ஒரு மணிநேரம் நீடித்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ பாராசிட்டமால் போட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "மருந்தால் நியூட்ரோபில் குறைந்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லி, அன்றைக்கே சி.பி.சி. எடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஏ.என்.சி. 500-க்குக் கீழே இருந்தால் முதல் ஆன்டிபயாடிக் ஒரு மணிநேரத்துக்குள் ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். சீழ் உண்டாக்கவே நியூட்ரோபில் வேண்டும் என்பதால், உள்ளே கிருமி இருந்தாலும் வீக்கமும் சீழும் வெளியே தெரியாது. தொண்டைவலியும் வாய்ப்புண்ணும் பல நேரம் முதல் அறிகுறி. ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதும் எனிமாவும் கூடாது.

மருந்துதான் காரணம் என்று உறுதியானால், சல்ஃபாசலசின் ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சிலர் எழுதும் கோட்ரைமாக்சசோலும் சல்ஃபாதான், அதைக் கொடுக்க வரும் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். முதுகுவாதத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதுகெலும்பு மட்டும் பாதித்த வாதத்தில் சல்ஃபாசலசினின் பலன் குறைவு, கை கால் மூட்டுகளும் வீங்கியிருந்தால்தான் அது ஓரளவு கேட்கும். ஆகவே இதை நிறுத்துவதால் முதுகுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. எந்த மருந்துக்கு மாறினாலும், தொடங்கும் நாளுக்கு முன் ஒரு சி.பி.சி. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.